அமராவதி முழுகவில்லை

சரவணம்பட்டி
20.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அமராவதி எழுதுகிறேன். இங்கே நான், உன் மாப்பிள்ளை திருமூர்த்தி, மகள் லோகப்பிரியா மூன்று பேரும் சுகம். அங்கே நீ, மாமா, உன் மாமியார், உன் மகன் தீபக், புதிதாகக் கன்று போட்ட எருமை எல்லோரும் சுகம்தானே?

இந்தக் காலத்தில் கடிதமா என்று கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். போன் செய்தால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நீ பாட்டுக்கு மாவு கரைக்கப் போய்விடுவாய். நான் பேசுவதை வீடே உட்கார்ந்து கேட்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தீபக் சத்தமாகப் படித்துக் காட்டுவான். இது அப்படிப் படிக்கிற சங்கதி இல்லை.

சங்கதி என் உடம்பு. முந்தின வருடம் தீபாவளிக்கு அறுபத்தொரு கிலோ. இந்தப் பொங்கலுக்கு லோகு வாங்கி வந்த மெஷினில் ஏறினால் அறுபத்தொன்பது. மெஷின்தான் கெட்டுப்போனது என்று அவள் அப்பாவை ஏற்றிப் பார்த்தோம். அவர் எப்போதும் போல எழுபத்திரண்டு. சாப்பாடு அதே சாப்பாடு, காலேஜ் லைப்ரரியில் அதே நாற்காலி. கை கால் அப்படியே இருக்க, வயிறு மட்டும் முன்னால் வந்து நிற்கிறது. இந்தச் சதை எங்கிருந்துதான் வருகிறது அக்கா? காலையில் ஒன்றும் இறங்குவதில்லை. நின்ற இடத்தில் திடீரென்று உடம்பு கொதிக்கிறது. மூன்று மாதமாக முழுகவும் இல்லை.

அம்மா இருந்திருந்தால் அம்மாவைக் கேட்பேன். என்னைவிட ஐந்து வயது மூத்தவள் நீதானே. உனக்கு இதெல்லாம் எப்போது வந்தது? எப்படிச் சமாளித்தாய்?

காளிச்சாமிக்கு அவிநாசிப் பெண் அமைந்துவிட்டதாகப் பெரியப்பா சொன்னார். நாற்பத்தொரு வயதில் நம் தம்பி மாப்பிள்ளை! இணைச்சீர் எனக்குத்தான் என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கட்டும். அவனை இடுப்பிலேயே வைத்துத் திரிந்தவள் நான். கூறைப்புடவை கட்டிக்கொண்டு, தலையில் பேழையைச் சுமந்து, உடன்பிறந்தவள் இவள்தான் என்று சபை பார்க்க அவன் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று எத்தனை வருடமாகக் காத்திருக்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அமராவதி


தாராபுரம்
28.1.2025

என் கண்ணு அமராவதிக்கு,

ராசாத்தாள் எழுதுவது. நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். நீ சுகமா என்று சாதாரணமாகக் கேட்டு முடிக்க முடியவில்லை.

முழுகாமல் இருக்கிறேன் என்பதை இப்படியா எட்டுக் கிலோ, மெஷின், நாற்காலி என்று சுற்றி வளைத்து எழுதுவாய்? நாற்பத்தெட்டு வயதாகிவிட்டதே என்று வெட்கப்படாதே அம்மணி. நம் சின்ன அம்மாயி பேரன் எடுத்த பிறகு பெற்றாளாம். லோகு என்ன நினைப்பாளோ என்றும் கவலைப்படாதே, காலேஜ் படிக்கிற பிள்ளைக்குப் புரியும். பஸ்ஸில் நின்றுகொண்டு போகாதே. தண்ணீர்க் கேனைத் தொடாதே. காலையில் இறங்காவிட்டால் இரண்டு வாய் மோர்க் கம்பங்கூழ் குடித்துப் பார்.

நீ கேட்ட மற்றதற்கெல்லாம் இப்போது என்ன அவசரம். யாரிடமும் மூச்சு விடவில்லை, உன் மாமாவைத் தவிர.

திருநீறு வைத்து அனுப்பும்
அக்கா


தாராபுரம்
22.2.2025

அன்பு அமராவதிக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உன் சுகம்தான் தெரியவில்லை. என் கடிதத்துக்குப் பதில் இல்லை. போன் செய்தால் "நல்லாருக்கேன் அக்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். மசக்கை ஜாஸ்தியோ?

ஒரு விஷயம். உன் மாமா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சந்தையில் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பாவும் அம்மாவும் இல்லாத வீட்டில் பெரியப்பா சொல்வதுதானே சட்டம். அவர் இங்கேயே வந்து, "முழுகாம இருக்கற புள்ள தலைல பேழைய ஏத்தறதா? அந்தப் பாவம் நமக்கு வேண்டாஞ் சாமி. இணைச்சீர மயிலாத்தா செஞ்சுக்கட்டும்" என்று முடித்துவிட்டார். மயிலாத்தாள் சித்தப்பா மகளாக இருந்தாலும் நல்லவள்தான், விட்டுக்கொடுத்துப் போ. ஏழாம் மாதம் உனக்குக் கட்டுச்சோறு நான்தான் கட்டிக்கொண்டு வருவேன், ஏழு வகைச் சாதம்.

கோபமில்லாமல் இரண்டு வரி எழுது.

அக்கா


சரவணம்பட்டி
3.3.2025

அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள்.

நான் முழுகவில்லை என்று எழுதினேன். முழுகாமல் இருக்கிறேன் என்று எழுதவில்லை. எனக்கு நிற்கப் போகிறது அக்கா, நிற்கப் போகிறது! அதற்கு நம் ஊரில் ஒரு வார்த்தை இருந்தால் அதையே எழுதியிருப்பேன். வருவதற்குத் தூரம், வெளியே இருக்கிறாள், தலைக்கு ஊற்றினாள் என்று எத்தனையோ சொல்கிறோம். போவதற்கு ஒன்றும் இல்லை. நீ எழுதப் படிக்கத் தெரிந்தவள்தானே?

இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்றால், உன் கடிதத்தைப் பார்த்து எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மெடிக்கலில் கேட்டால் அந்த அட்டையைக் கொடுப்பார்கள். ஆனால் நான் வாங்காமலே நாளைக் கடத்தினேன். வாங்கினால் தெரிந்துவிடுமே. வேலைக்குப் போகும்போது ஆட்டோவில் வயிற்றில் கை வைத்துக்கொண்டு போனேன். கடைசியில் வாங்கிப் பார்த்தேன். ஒரே கோடு. பாத்ரூமில் உட்கார்ந்து அழுதேன். ஏன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது.

அப்புறம் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். தைராய்டு, சுகர் எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். இந்த வயதில் உடம்பில் ஒரு சுரப்பு குறைகிறதாம். அதோடு தசையும் குறையும். முன்பு தொடையில் போய் உட்காரும் கொழுப்பு இப்போது வயிற்றுக்கு வரும். அதே சோறுதான், ஆனால் எரிக்கிற அடுப்பு சிறியதாகிவிட்டது என்றார். ஒரு வருடம் முழுதாக வராமல் இருந்தால்தான் நின்றதாகக் கணக்காம். நான் பாட்டுக்கு ஒரு மணி நேரம் கேள்வி கேட்டேன். "இத்தனை வருஷத்துல யாரும் இப்படிக் கேட்டதில்லைங்க" என்று சிரித்தார்.

இனி நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். பெரியப்பாவிடம் உண்மையைச் சொல்லி என் இணைச்சீரை எனக்கு வாங்கிக் கொடு. நான் முதலில் கேட்டதற்கும் பதில் வரவில்லை. உனக்கு எப்போது நின்றது?

அமராவதி


தாராபுரம்
12.3.2025

அன்பு அமராவதிக்கு,

இங்கு மாமாவுக்குச் சளி, மற்றவர்கள் சுகம். நீ அழுதாய் என்று படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். சந்தோஷத்தில் அவசரப்பட்டுவிட்டேன் கண்ணு.

ஆனால் ஆண்பிள்ளைகள் நடுவில் போய் நின்று அதை நான் எப்படிச் சொல்வேன்? பெரியப்பா முகத்தைப் பார்த்து? அதைவிட, கலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் என்ன? யாரும் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். இணைச்சீர் தானாக உன்னிடம் வந்துவிடும். யோசித்துச் சொல்.

எருமை நன்றாகக் கறக்கிறது. தீபக் கோயம்புத்தூர் வந்தால் நெய் கொடுத்து அனுப்புகிறேன்.

அக்கா


சரவணம்பட்டி
25.3.2025

அக்காவுக்கு,

சுகம். சுகம் அறிய ஆவல்.

லோகுவுக்கு அப்புறம் ஒன்று நிஜமாகவே கலைந்தது. அப்போது ஆஸ்பத்திரியில் என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நீ. அந்த வார்த்தையை இல்லாத ஒன்றுக்கு எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? அந்தப் பொய்யில் எனக்கு வருகிற சீர் வேண்டாம். மயிலாத்தாளே செய்யட்டும்.

கல்யாணத்துக்காவது ஆள் பார்க்கும்படி வரவேண்டுமே. பக்கத்து பிளாக்கில் ஒரு கிளப் நடத்துகிறார்கள், பவுடர் கொடுக்கிறார்கள். காலையில் பவுடர், இரவிலும் பவுடர். நாலு கிலோ இறங்கியிருக்கிறது. லேசாகத் தலை சுற்றுகிறது, வேறு ஒன்றுமில்லை.

உனக்கு எப்போது நின்றது என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். அந்தக் கேள்வியைக் கண்டாலே எருமை, நெய் என்று ஓடுகிறாய்.

அமராவதி


தாராபுரம்
4.4.2025

அமராவதிக்கு,

நான் சுகம். நீ சுகமில்லை என்பது எனக்குத் தெரியும். லோகு போன் செய்தாள். பஸ் ஸ்டாப்பில் விழுந்து, யாரோ ஒரு அம்மா கடையிலிருந்து சோடா வாங்கித் தெளித்து, முழங்கையில் தையல் போட்டிருக்கிறதாமே. உனக்கு அதன் பெயர் லேசான தலைசுற்றலா? பவுடரைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டு. கொட்டியதை லோகு எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பவேண்டும்.

என் கடிதங்களால் வந்த வினை இது என்று மனசு அடித்துக்கொள்கிறது. அதனால் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

எனக்கு நின்று ஒன்பது வருடமாகிறது.

நம்பவில்லையா? நீ வரும்போதுகூட நான் வெளி அறையில் தனிப் பாய் போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறாய். என் மாமியாருக்குத் தீட்டு விஷயத்தில் எவ்வளவு கண்டிப்பு என்று உனக்குத் தெரியும். அந்த மூன்று நாள் அடுப்பைத் தொடக் கூடாது, கட்டுத்தறிப் பக்கம் போகக் கூடாது, பால் கறக்கக் கூடாது. சின்னப் பெண்ணாக இருக்கும்போது அவமானமாக இருக்கும், அழுவேன். நாற்பது வயதுக்கு மேல் பார்த்தால், வருடம் முழுக்க நான் முதுகைக் கீழே போடுகிற நாட்கள் அவைதான் என்று தெரிந்தது. அது நின்றபோது அத்தையிடம் சொல்ல வாய் எடுத்தேன். அன்றைக்குக் காட்டில் வெங்காய அறுப்பு, ஆள் பன்னிரண்டு பேருக்குச் சமையல். வாயை மூடிக்கொண்டு போய் வெளி அறையில் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து உட்கார்ந்துகொண்டே இருக்கிறேன். காலண்டரில் எருமைக்கு ஊசி போட்ட தேதிக்குப் பக்கத்தில் புள்ளி வைப்பேன். நம்பும்படி இருக்கவேண்டும் என்று சில மாதம் ஒன்றிரண்டு நாள் தள்ளிப் போடுவேன்!

உடம்பு எனக்கும் ஏறியது. ரவிக்கையை இரண்டு தடவை பிரித்துத் தைத்தேன், கொசுவத்தை ஏற்றிச் செருகினேன், உன் கண்ணுக்குத் தெரியவில்லை. ஏறினது இறங்கவில்லை, ஆனால் மேலே ஏறாமல் நின்றது. அந்த மூன்று நாளும் அடித்துப் போட்டது போலத் தூங்குவேன். சாயங்காலம் வாய்க்கால் வரை காலாற நடப்பேன். தட்டில் போட்டதை மட்டும் தின்பேன். மற்ற நாளில் சட்டியில் ஒட்டினது, தீபக் மிச்சம் வைத்தது எல்லாம் என் வயிற்றுக்குத்தானே போகிறது. வைத்தியம் என்று எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

இப்போது புரிகிறதா, நான் ஏன் பெரியப்பாவிடம் சொல்ல முடியாது என்று? உனக்கு நின்றுபோகிறது என்று சொன்னால் அடுத்த கேள்வி அத்தையிடமிருந்து வரும். சின்னவளுக்கே நிற்கும்போது மூத்தவளுக்கு எப்படி நிற்கவில்லை என்று.

சாப்பிடு.

அக்கா


சரவணம்பட்டி
13.4.2025

என் கள்ளி அக்காவுக்கு,

சுகம், சுகம், எல்லோரும் சுகம். உன் கடிதத்தைப் படித்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தேன். உன் மாப்பிள்ளை ஓடி வந்து, "மறுபடி தலை சுத்துதா அம்மணி?" என்கிறார். நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே ஓடி வரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உனக்கு ஒன்பது வருடமாக மாதாமாதம் என்று கேட்டால் அவருக்கே மயக்கம் வந்துவிடும்.

பவுடரைக் கொட்டிவிட்டேன். டாக்டரிடம் நல்ல திட்டும் வாங்கினேன். பட்டினி கிடந்தால் முதலில் தசைதான் கரையுமாம், பிறகு எடை இரண்டு மடங்காகத் திரும்பி வருமாம். சோற்றைப் பாதியாக்கி, முட்டையும் பாசிப்பயிறும் மீனும் கூட்டச் சொன்னார். நடை மட்டும் போதாது, கனம் தூக்கு என்றார். லோகு பழைய தண்ணீர் பாட்டிலில் மணல் நிரப்பிக் கொடுத்திருக்கிறாள், காலையில் அதைத் தூக்கி இறக்குகிறேன். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்றும் கேட்டார். உன் ஞாபகம்தான் வந்தது. இறங்கிய நாலு கிலோவில் மூன்று திரும்பி வந்துவிட்டது. மெஷினில் வாரம் ஒருமுறைதான் ஏறுகிறேன்.

அக்கா, நீ ஒன்றும் சொல்லவேண்டாம். சீர் ஒரு நாள் கூத்து. உன் மூன்று நாள் மாதாமாதம் வருகிறது. அதை எனக்காக விட்டுவிடாதே. நான் பந்தலில் உட்கார்ந்து மயிலாத்தாளை நன்றாகப் பார்த்து ரசிக்கிறேன். நிஜமாகச் சொல்கிறேன்.

சித்திரைக் கனி பார்த்து எல்லோரும் நன்றாக இருங்கள்.

உன் அமராவதி


தாராபுரம்
30.4.2025

அன்பு அமராவதிக்கு,

எல்லோரும் சுகம், நான் கொஞ்சம் படபடப்பு.

ரசிக்கிறாளாம், ரசிக்கிறாள். நீ "நிஜமாகச் சொல்கிறேன்" என்று எழுதினால் அது நிஜமில்லை என்பது எனக்கு உன் மூன்று வயதிலிருந்து தெரியும்.

நேற்றுச் சீலை எடுக்க நாள் குறிக்கப் பெரியப்பா வந்தார். மாமாவும் அத்தையும் எதிரில். காப்பித் தட்டோடு நின்றேன்.

"மயிலாத்தாளுக்கு என்ன கலருங்க சீலை?" என்றார் மாமா.

"மயிலாத்தாளுக்கு இல்லீங்க" என்றேன். "பெரியப்பா, அமராவதி முழுகாம இல்லீங்க. எழுதுனத நாந்தான் தப்பாப் படிச்சுப்போட்டேன். அவளுக்கு முழுகறதே நின்னுபோகப் போகுதுங்க. பேழைய அவளே தூக்குவா."

பெரியப்பா காப்பியைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. அத்தைதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஏம் ராசாத்தி, உனக்கு அஞ்சு வயசு எளையவ. அவளுக்கே நிக்குதுன்னா உனக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆளுக்கு ஆள் மாறும் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் நான் சொல்லச் சொன்ன ஒரு பொய்யில்தான் நீ பஸ் ஸ்டாப்பில் விழுந்தாய். "எனக்கும் நின்னு ஒம்பது வருசமாச்சுங்க அத்தை" என்றேன்.

மாமா கையிலிருந்த வெற்றிலை கீழே விழுந்தது. அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார்கள். பெரியப்பா எருமையைப் பார்த்துக்கொண்டே, "அப்ப இணைச்சீர் அமராவதிக்கேன்னு ஆயிப்போச்சு. நான் வாரேனுங்" என்று கிளம்பிவிட்டார்.

அத்தை இன்னும் என்னிடம் பேசவில்லை. பரவாயில்லை. உனக்கு அரக்குக் கலரா, மாம்பழக் கலரா?

அக்கா


சரவணம்பட்டி
9.6.2025

அன்பு அக்காவுக்கு,

கல்யாண அலுப்பு தீர்ந்ததா? நாங்கள் சுகம், கால் வீக்கம் வடிந்துவிட்டது. காளிச்சாமியும் புதுப்பெண்ணும் விருந்துக்கு இங்கேதான் இருக்கிறார்கள்.

எடை அறுபத்தெட்டு. ஐந்து மாதப் பாட்டுக்கு ஒரு கிலோ! ஆனால் பேழையைத் தலையில் ஏற்றியபோது கழுத்து ஆடவில்லை, அது மணல் பாட்டிலின் புண்ணியம். கூறைப்புடவையின் ஒரு முனை என் இடுப்பிலும் மறுமுனை அவன் கக்கத்திலுமாக நின்றபோது, "அக்கா, கனமா இருக்குதா?" என்று மெல்லக் கேட்டான். இடுப்பிலிருந்து இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்த பயல். அங்கேயே அழுதுவிட்டேன்.

பந்தியில் அவிநாசிக்காரம்மா ஒருவர், "அம்மணி நல்லாச் சதை போட்டுட்டீங்களே" என்றார். முன்பென்றால் முந்தானையை இழுத்து மூடியிருப்பேன். "மாசாமாசம் வர்றது நிக்கப்போகுதுங்க, அதனால" என்றேன். அந்தம்மா கையில் எடுத்த அப்பளத்தை அப்படியே வைத்துவிட்டார். கை கழுவும் இடத்தில் என்னைத் தனியாகப் பிடித்து, "அந்தச் சூடு உங்களுக்கும் வருதுங்களா?" என்று கேட்டார். அவரோடு இன்னும் இரண்டு பேர். பஸ் கிளம்பும்வரை பேசினோம்.

உன்னோடுதான் பேச நேரமே கிடைக்கவில்லை. மே மாதம் நீ வெளி அறைக்குப் போகவில்லை என்று தீபக் சொன்னான். என்னால்தான் போயிற்று என்று உறுத்துகிறது.

அமராவதி


தாராபுரம்
24.6.2025

என் தங்கம் அமராவதிக்கு,

இங்கு அனைவரும் சுகம். நான் ரொம்பச் சுகம்.

மே மாதம் முழுக்க அடுப்படியில்தான் நின்றேன். அத்தை தேவைக்கு மட்டும் பேசினார்கள். நேற்றுக் காலையில் மாவு ஊற்றப் போனேன். அத்தை வந்து தோசைக் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

"இன்னைக்கு இருவத்திமூணாந் தேதி, உன்ற நாளு. நீ இங்க என்ன பண்றே?"

"அதான் நின்னுபோச்சுன்னு சொன்னனேங்க அத்தை."

"போன மாசம் கண்ணாலச் சோலில உட்டுப்போட்டேன். போயி வெளி ரூம்ல படு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்படியே நின்றேன். அத்தை அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சொன்னார்கள்: "நீ கண்ணாலமாகி இங்க வந்தப்பவே எனக்கு நின்னுபோயிருந்துச்சு. அதுக்கப்பறம் அஞ்சு வருசம் உன்னைய அடுப்புல உட்டுப்போட்டு நானும் அந்த ரூம்லதான் உக்காந்திருந்தேன். நீ கண்டுபுடிச்சியா?"

இந்தக் கடிதத்தை வெளி அறையில் படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். தோசை கருகுகிற வாசம் வருகிறது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

அக்கா